மூலையில் கரி தடவிய கடுதாசி

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இசக்கிச்செல்விக்கு, தான் நாற்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப்போன விஷயம் இரண்டாயிரத்து இருபத்து மூன்று சித்திரையில்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் பாவம், உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு கடை நடத்தினாள். பட்டா நகல், ஆதார் திருத்தம், முதியோர் உதவித்தொகை மனு என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுத்தாள். கரண்ட் போனால் மின்வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தீப்பெட்டி ஆபீசில் மெஷின் ஓட்டும் புருஷன் கார்த்திகேசனுக்கு மதியம் ஒரு மணிக்குச் சோற்று வாளி கொடுத்தனுப்பினாள். செத்தவள் செய்கிற வேலையா இதெல்லாம்?

ஊரில் அவளை இசக்கிச்செல்வி என்று கூப்பிடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘சீனாக்கா கடை’ என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வழி தெரியும். சின்னக் கண், அமுங்கிய மூக்கு, வெயிலில் எத்தனை காய்ந்தாலும் மஞ்சள் மாறாத நிறம். முகம் அப்படி. வாயைத் திறந்தால் மட்டும் அசல் எப்போதும்வென்றான் ஊர்க்காரி. கேலி பேசுகிறவன் ஒருநாளும் அவளிடம் ஜெயித்துவிட்டுப் போனது கிடையாது.

முகம் அவளுடைய அம்மா செண்பகவல்லியிடமிருந்து வந்தது. செண்பகவல்லி சீனர் வீட்டில் பிறந்தவள். எப்போதும்வென்றானிலிருந்து மலேயாவுக்கு ரப்பர் பால்மரம் வெட்டப் போன ஒரு குடும்பத்தில், ஆறு வயது உச்சிமாகாளி ஒற்றைப் பிள்ளையாக இருந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. நாற்பத்தேழாம் வருஷம் ஒரு சீனர் வந்து நாற்பது நாள் குழந்தையை, அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குச் செண்பகவல்லி என்று பேர் வைத்து, பால் கொடுத்து, மொட்டை போட்டுக் காது குத்தி வளர்த்தார்கள். அறுபதில் கப்பல் ஏறி ஊருக்கு வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. தமிழைத் தவிர வேறு பாஷையில் ஒரு சொல் தெரியாது.

அந்தக் காலத்தில் மலேயாத் தோட்டங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. தமிழர் வீடுகளில் சீனப் பெண்பிள்ளைகள் எத்தனையோ வளர்ந்தன. ஆனால் செண்பகவல்லிக்குப் பத்து வயதில், ஏதோ ஒரு கோபத்தில் வளர்த்த தாய் சொன்ன ஒரு வார்த்தை நெஞ்சில் தைத்துக்கொண்டது. “ஒன்னப் பெத்தவளே வேண்டாம்னு வாசல்ல போட்டுட்டுப் போனா.” அவ்வளவுதான். சொன்னவள் மறுநாளே மறந்திருப்பாள். கேட்டவள் அறுபது வருஷம் சுமந்தாள். பருத்திக் காட்டில் சுளை எடுக்கும்போதும், களத்தில் வத்தல் காயப்போடும்போதும், எதற்காவது அழ ஆரம்பித்தால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். இரண்டாயிரத்துப் பதினெட்டில், எழுபத்தோரு வயதில், மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோதும் அதையேதான் கேட்டாள். “என்னத்துக்குப் பெத்து, என்னத்துக்குப் போட்டாவளோ.” கட்டில் ஓரத்தில் ஒரு பக்கம் செல்வி, மறுபக்கம் அண்ணன் உச்சிமாகாளி. இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. செல்விக்குப் பதில் தெரியாது.

அண்ணன் என்றால் சும்மா அண்ணன் இல்லை. செண்பகவல்லிக்குக் கல்யாணமாகி எட்டாம் வருஷம் புருஷன் காட்டில் இடி விழுந்து செத்தான். மூன்று வயசுப் பிள்ளையோடு நின்றவளை உச்சிமாகாளிதான் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். அதற்கு முந்திய வருஷம் அவர் மனைவிக்கு வாதம் வந்து இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டிருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். ‘நாலு நாள் ஒத்தாசைக்கு இரும்மா’ என்று கூட்டி வந்தார். நாலு நாள், இருபது வருஷமாகப் போயிற்று. செண்பகவல்லி அந்த வீட்டில் உலை வைத்தாள், அண்ணிக்குப் பீ மூத்திரம் அள்ளினாள், அண்ணன் மகள்களுக்குத் தலை பின்னினாள், ஐந்து மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். “எங்கண்ணன் இல்லேன்னா நான் நடுத்தெருவுல நின்னுருப்பேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

செல்விக்கும் மாமா என்றால் உயிர். அவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டாள். எட்டயபுரம் தேரோட்டத்துக்கு அவர் தோளில் ஏறித்தான் போனாள். அப்பா முகம் நினைவில்லை; அப்பா என்று யாராவது சொன்னால் மாமாவின் முதுகுதான் ஞாபகத்துக்கு வரும். ஊருக்கே கடுதாசி எழுதிக் கொடுப்பவர் அவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு படித்தவர், முத்து முத்தான எழுத்து. செல்வி டைப்ரைட்டிங் படித்ததும், இன்றைக்கு மனு எழுதிப் பிழைப்பதும் மாமாவைப் பார்த்து வந்த ஆசைதான்.

தேடல் தொடங்கியது ஒரு வாடிக்கையாளரால். மலேசியாவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் குலசாமி கோயிலைத் தேடி விளாத்திகுளம் பக்கம் வந்தது. தாத்தா பேர் தெரியும், ஊர் பேர் தெரியாது. செல்வி பழைய வாக்காளர் பட்டியலைத் துழாவி, நாலு பேருக்குப் போன் போட்டு, ஒரு வாரத்தில் கோயிலைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவர்கள் சந்தோஷத்தில் அழுதபோது, அடடா, நம்ம அம்மைக்கும் ஒரு ஊர் இருக்குமே என்று இவளுக்குச் சுருக்கென்றது. ஊராருக்கெல்லாம் பூர்வீகம் தேடுகிறவள், பெற்றவளுக்குத் தேடவில்லையே. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஏன் கொடுத்தார்கள் என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாலும் கேள்வி போகவில்லையே.

அந்தக் குடும்பம்தான் பழைய தோட்டத்து ஆட்கள் கூடிப் பேசும் பேஸ்புக் குழு ஒன்றைக் காட்டியது. அம்மா வாயிலிருந்து அடிக்கடி விழுந்த தோட்டத்தின் பேர் புக்கிட் செரான். செல்வி அதைப் போட்டு, அம்மாவின் கடைசிக் காலத்துப் படத்தையும், தாத்தா பேரையும், எப்போதும்வென்றான் என்ற ஊரையும் எழுதி, ‘இவரைப் பெற்றவர்கள் வீட்டார் யாராவது இருக்கிறீர்களா’ என்று பதிந்தாள். பதினோராம் நாள், கடையில் கூட்டமான நேரத்தில், வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். தமிழ்தான், ஆனால் வேறு ராகம்.

“பசியாறிட்டீங்களா? நான் மலேசியா, தைப்பிங்ல இருந்து பேசுறேன். யாப் சியூ லான். எங்க அப்பா தோட்டத்துப் பக்கத்துல மளிகைக் கடை வெச்சிருந்தார், தமிழ்ப் பிள்ளைங்க கூடத்தான் வளர்ந்தேன். நீங்க போட்ட படத்தைப் பார்த்தேன்லா. எங்க அப்பா முகம் அப்படியே இருக்கு. ஆனா அது எங்க அத்தை இல்ல.”

“ஏன் இல்லங்கிய?”

“அத்தை சின்ன வயசுலயே செத்துட்டாங்க. எழுபத்தொன்பதுல. முப்பத்திரண்டு வயசுகூட ஆகல.”

செல்விக்குச் சிரிப்புத்தான் வந்தது. “அம்மா, நீங்க ஆளை மாத்திப் பேசுதிய. எங்கம்மை செத்து அஞ்சு வருசந்தான் ஆவுது. நாந்தான கட்டில்ல பக்கத்துல இருந்தேன்.”

“நீங்க யாரு?”

“அவ மக. இசக்கிச்செல்வி.”

 லைன் போய்விட்டதோ என்று செல்வி இரண்டு தரம் ஹலோ சொன்னாள். பிறகு அந்தக் குரல் மெதுவாக, பயந்தது போலக் கேட்டது. “இசக்கிச்செல்வியும் செத்துட்டான்னு எழுதியிருந்துச்சே. அஞ்சு வயசு.”

சாயங்காலம் போனில் படம் வந்தது. நீல நிற விமானத் தபால் தாள். மடிப்பில் கொஞ்சம் கிழிந்து, நாலு மூலையிலும் கரி தடவியிருந்தது. முத்து முத்தான எழுத்து. ‘எங்கள் தங்கை செண்பகவல்லியும் அவள் மகள் இசக்கிச்செல்வியும் காலரா கண்டு தை மாதம் பத்தொன்பதாம் தேதி காலமாகிவிட்டார்கள். ஆகவே யாரும் தேடி வரவேண்டியதில்லை. இனி கடிதம் எழுதவும் வேண்டாம். இப்படிக்கு, உச்சிமாகாளி.’

செல்வி இரண்டு தரம் வாசித்தாள். வாசலில் ரேஷன் கார்டு நகலுக்கு நின்ற அம்மாளிடம் “நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தை பத்தொன்பது. எழுபத்தொன்பதில் அந்தத் தேதிக்கு மாமாவின் மூத்த மகள் பாண்டியம்மாளுக்குச் சடங்கு. ஸ்டூடியோக்காரர் தேதி அச்சடித்துக் கொடுத்த படம் இன்றைக்கும் மாமா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. படத்தின் ஓரத்தில், கையில் கரண்டியோடு செண்பகவல்லி, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ரிப்பன் கட்டிய செல்வி. காலராவில் போனவள் அன்றைக்கு முந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்திருக்கிறாள்!

அந்தக் கரிதான் மாமா செய்த தப்பு. சாவு சொல்லும் கடுதாசிக்கு நாலு மூலையிலும் கரி தடவுவது இந்தக் கரிசல்காட்டு வழக்கம். அப்படி ஒரு கடுதாசி வந்தால் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் நின்றே வாசித்து, வாசித்த கையோடு சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். ஒரு வீட்டிலும் அதை வைத்திருந்து பார்த்தவர் கிடையாது. கிழித்துப்போடுவார்கள், சாட்சி இல்லாமல் போகும் என்று மாமா மலைபோல நம்பியிருக்கிறார். தைப்பிங்கில் இருந்தவர்களுக்கு இந்த வழக்கம் என்ன தெரியும்? பெற்ற பிள்ளையைப் பற்றி வந்த கடைசித் தாள் என்று, கண்ணாடி போட்டுச் சாமி மாடத்தில் மாட்டி வைத்திருந்தார்கள்.

அடுத்த பத்து நாளில் சியூ லான் மிச்சத்தையும் சொன்னாள். 

செண்பகவல்லி பிறந்த நேரம் பெற்ற தகப்பனுக்கு ஆகாது என்று சோசியர் சொல்லியிருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் இரண்டு பேரில் ஒருவர்தான் மிஞ்சுவார்கள், வேறு சாதிசனம், வேறு சாமி கும்பிடும் வீட்டில் கொடுத்தால் குழந்தை நூறு வயது இருக்கும் என்று. அதைக் கேட்டதும் செல்விக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்களே, அதே மாதிரிதான். பிழைக்கட்டும் என்று கொடுத்த பிள்ளை. வேண்டாம் என்று போட்ட பிள்ளை இல்லை. வாராவாரம் வந்து எட்ட நின்று பார்த்துவிட்டும் போயிருக்கிறார்கள். ஐம்பதாம் வருஷம் வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து சீனர்களையெல்லாம் கம்பி வேலி போட்ட புது ஊர்களில் கொண்டு அடைத்தபோதுதான் தொடர்பு அறுந்தது. பிறகு தேடி வந்தால், தமிழ்க் குடும்பம் கப்பல் ஏறிவிட்டது.

எழுபத்தேழில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் பழைய பேரேட்டில் விலாசம் எடுத்துக் கொடுக்க, சியூ லானின் அப்பா அவரைக் கொண்டே தமிழில் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார். ஏன் கொடுத்தோம் என்ற கதை முழுவதும் இரண்டாவது கடிதத்தில் இருந்தது. அக்காளும் பிள்ளையும் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும், டிக்கெட் அனுப்புகிறோம், விருப்பப்பட்டால் பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்றும் எழுதியிருந்தார். அதற்கு வந்த பதில்தான் கரி தடவிய கடுதாசி.

“தாத்தா அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். அவர் கல்லறையில சீனாவுல இருக்கிற ஊர் பேரைக் கொத்தியிருந்தாங்க, எங்க வழக்கம் அது. அதை வெச்சுத்தான் நான் ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல அந்த ஊரைத் தேடிப் போனேன். மெய்சியன் பக்கம். ஊர் பேரையே மாத்திட்டாங்க, மூணு நாள் அலைஞ்சேன். கடைசியில தாத்தா சொல்லியிருந்த, வீட்டு முன்னாடி இருக்கிற அரைவட்டக் குளத்தை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். முன்னோரைக் கும்பிடுற கூடத்துல தாத்தா பேர் எழுதி வெச்சேன். பொம்பளைப் பிள்ளைங்க பேரை அங்க எழுத மாட்டாங்க. ஆனா தாத்தா சாகும்போது கேட்டுக்கிட்டார், அதனால சண்டை போட்டு அத்தை பேரையும் உங்க பேரையும் எழுதினேன்.”

“என் பேரு அங்கன இருக்கா?”

“இருக்கு. ஏப்ரல் மாசம் செத்தவங்களுக்குப் படைப்போம். காகிதத்துல துணி செஞ்சு எரிப்போம். உங்களுக்கு வருஷா வருஷம் கவுன். அஞ்சு வயசு அளவுல.”

ஐம்பது வயதுக்காரி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கார்த்திகேசன் பயந்துபோய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தான். கடல் தாண்டி யாரோ முன்பின் தெரியாதவர்கள் அவளுக்குக் கவுன் தைத்து எரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெற்றவர்கள் வீட்டில் அம்மாவை மறந்த நாள் கிடையாது. அம்மாவோ, வேண்டாத பிள்ளையாகவே செத்துப்போனாள்.

சியூ லான் அந்த ஊருக்குப் போன் செய்து விவரம் சொன்னாளாம். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒரே பிடியாக நின்றாராம். அத்தை இறந்த வருஷத்தைத் திருத்த வேண்டும், உயிரோடு இருக்கிறவள் பேரைச் செத்தவர்கள் வரிசையிலிருந்து எடுக்க வேண்டும், சரிதான். ஆனால் ஒரு கடிதத்தை நம்பி எழுதினோம். அதே ஆள் கையால் இன்னொரு கடிதம் வரட்டும். இறப்புச் சான்றிதழ், ஆதார் என்று செல்வி என்னென்னவோ அனுப்பிப் பார்த்தாள். முடியாது என்றுவிட்டார் மனுஷன். எழுதியவர் எழுதட்டும்.

எப்போதும்வென்றானுக்குப் போகும் பஸ்ஸில் செல்வி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். எப்படி ஆரம்பிப்பது, எங்கே அடிப்பது என்று. ஒன்றும் ஓடவில்லை. ஒரு மனசு, அந்த எழுத்து வேறு யாருடையதாகவோ இருக்கக்கூடாதா என்று கெஞ்சியது.

மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது. பிளாஸ்டிக் நாற்காலியில் பேன் காற்றில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மருதமுத்து வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்த மூத்த மகள் பாண்டியம்மாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். செல்வியைக் கண்டதும் கிழவர் முகம் மலர்ந்துவிட்டது.

“வாட்டி செல்வி! என்ன திடீர்னு? ஏ பாண்டியம்மா, பிள்ளைக்குக் காப்பி போடு.”

செல்வி உட்காரவில்லை. கடையிலிருந்து பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்த தாளை அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளைத் தூக்கிப் பிடித்து, மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தார். எழுத்து யாருடையது என்று கேட்கவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

“அவிய இதைக் கிழிக்கலியா?” என்றார்.

செல்விக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் அத்தோடு போயிற்று.

“கிழிக்கல மாமா. கண்ணாடி போட்டு வச்சிருக்காவ.”

அவர் டிவியை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அணைத்துவிட்டு வந்த பாண்டியம்மாள் தாளைப் பிடுங்கி வாசித்துவிட்டு, “என்னைக்கோ நடந்த கதை. வயசான மனுசங்கிட்ட இதைத் தூக்கிட்டு வந்திருக்கியே, ஒனக்கு ஈவு இரக்கம் இருக்கா?” என்று கத்தினாள்.

“நீ சும்மா இரு மைனி. ஒனக்குப் பேன் பாத்து, தலை பின்னி, சடங்குக்கு ஆக்கிப் போட்டவ அன்னைக்குச் செத்துட்டான்னு ஒங்கப்பா எழுதியிருக்காவ. நான் அவியள்ட்டதான் கேக்குதேன். ஏன் மாமா எழுதுனிய?”

கிழவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “ஒங்க அத்தை கெடந்த கெடை ஒனக்கு என்னட்டி தெரியும்? மூணு பிள்ளைய. நான் காட்டுக்குப் போவனா, அடுப்பை ஊதுவனா? ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போட்டும்னு எழுதுனாவ. ஒரு மாசம்பாவ. பெத்த வீட்டைப் பாத்தவ திரும்பி வருவாளா? இந்த வீடு என்னத்துக்கு ஆவும்?”

“அம்மைட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா போறேன்னுருப்பா.”

இதைவிட நேர்மையாக அவர் வாழ்நாளில் ஒன்று சொல்லியிருப்பாரா தெரியாது.  செல்வி அவருக்கு நேராக வந்து நின்றாள்.

“சரி, அவளை வீட்டு வேலைக்கு வச்சிக்கிட்டிய. என்னைய எதுக்குச் சாவடிச்சிய? நான் என்ன பாவம் செஞ்சேன்? அஞ்சு வயசுப் பிள்ளை.”

“அவளை மட்டும் செத்துட்டான்னு எழுதுனா, பிள்ளையை அனுப்பி வைங்கம்பாவ. ஒன்னப் படிக்க வைக்கேன்னு எழுதியிருந்தாம்லா. நீ போனா அவ பொறத்தாலயே போயிருவா. கன்னுக்குட்டிய அவுத்து விட்டுட்டு மாட்டைக் கட்டி வைக்க முடியுமா?”

“அப்ப என்னையத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சது?”

கிழவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “அதுவும் நெசந்தாம்ட்டி.”

அதுதான் செல்விக்குத் தாங்கவில்லை. பொய் என்று சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். நிஜம் என்கிறாரே! இந்த மனுஷனின் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பிள்ளையை, இவரே கரி தடவிக் கொன்றிருக்கிறார். கொன்ற பிறகும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“அம்மை சாவும்போது பக்கத்துல இருந்தியளே மாமா. என்னத்துக்குப் போட்டாவளோன்னு கேட்டாளே. ஒங்களுக்குப் பதில் தெரியும். அவிய எழுதுனதை வாசிச்ச ஆளு நீங்க. சோசியன் சொன்னது, வாரம் வாரம் வந்து பாத்தது, எல்லாம் தெரியும். ஒரு வார்த்த சொன்னா அவ நெஞ்சு வேகாமப் போயிருப்பாளே. வாயைத் தொறந்தியளா?”

“போற நேரத்துல சொல்லி என்ன ஆவப்போவுது? நிம்மதியாப் போவட்டும்னு...”

“நிம்மதியாவா போனா?”

அவர் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார். பாண்டியம்மாள் கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள். அவளுக்கும் அந்தக் கட்டிலும் அந்தக் கேள்வியும் ஞாபகம் இருந்திருக்கும்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். சீனாவில் இருக்கும் கூடம், பெரியவர், கடிதம் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீயே டைப் அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்றார்.

“ஊருக்கெல்லாம் நாந்தான் அடிச்சுக் கொடுக்கேன். இது ஒங்க கையால எழுதணும் மாமா. அன்னைக்கு மாதிரியே.”

பாண்டியம்மாள் ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். நாற்காலியின் கைப்பிடியில் பலகையை வைத்துக்கொண்டு, கிழவர் பேனாவைத் தாளின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். நின்றது நின்றபடி இருந்தது. நல்ல சேதிக் கடுதாசி என்றால் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவார், சாவுச் சேதி என்றால் போடமாட்டார். ஆயிரம் கடுதாசி எழுதிய கை அது.

“ஏட்டி, இதுக்குச் சுழி போடவா, வேண்டாமா?” என்று கேட்டார். “ஒங்கம்மை செத்த சேதியும் இருக்கு, நீ உசுரோட இருக்க சேதியும் இருக்கு.”

“ரெண்டு கடுதாசியா எழுதுங்க,” என்றாள் செல்வி. “அம்மைக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. என்னோடதுல போடுங்க.”

எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எழுத்து முன்னைப்போல இல்லை, கோணல் மாணலாக இறங்கியது. முதல் தாளில், தான் எழுபத்தொன்பதில் எழுதியது பொய் என்றும், தங்கை இரண்டாயிரத்துப் பதினெட்டு வரைக்கும் இருந்தாள் என்றும், கடைசி வரை அவளிடம் எதையும் சொல்லவில்லை என்றும் எழுதினார். அந்தக் கடைசி வரியை செல்வி சொல்லவில்லை. அவராகத்தான் எழுதினார். இரண்டாவது தாளில் சுழி போட்டு, ‘இசக்கிச்செல்வி உயிரோடு இருக்கிறாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செல்வி இரண்டையும் வாங்கி வாசித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். கிழவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“நான் செத்துப்போனா வருவியாட்டி?”

செல்வி வாசல்படி வரைக்கும் போயிருந்தாள். திரும்பி நின்றாள்.

“வருவேன் மாமா. ஆனா சேதி சொல்லி விட்டா நம்பமாட்டேன். நேருல வந்து, மூக்குல கைய வச்சுப் பாத்துட்டுத்தான் அழுவேன்.”

பாண்டியம்மாள் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நீட்டினாள். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல், செல்வி மூன்று மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.